பத்து மீட்டருக்குள் ஒரு பதில்

எங்கள் வீட்டில் துருப்பிடிக்கிற சாமான் எதுவும் வெளியே கிடக்காது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு இது புரியும். காற்றிலேயே உப்பு. ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும், சைக்கிள் செயினைத் தின்றுவிடும். அதனால் அப்பாவின் வாட்ச், டார்ச் லைட், ரேடியோ பேட்டரி எல்லாம் அம்மாவின் எவர்சில்வர் டப்பாக்களில் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பிடி பச்சரிசியோடு. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறுக்கமான மூடி காற்றை உள்ளே விடாது. மணி என்ன என்று கேட்டால் அப்பா டப்பாவைத் திறந்து, வாட்சில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டுப் பார்த்துச் சொல்வார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

2006-இல் துபாயிலிருந்து லீவில் வந்த அண்ணன், தனக்குப் புதுசாக ஒரு போன் வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதில் கேமரா இருந்தது, பாட்டு இருந்தது, புளூடூத் இருந்தது. சிம் என்று பார்த்தால் ஒரு துபாய் சிம் கிடந்தது. இங்கே அதற்கு உயிர் கிடையாது; போன் ஆன் ஆக உள்ளே ஏதாவது ஒன்று வேண்டும் என்பதற்காக அதை எடுக்காமல் விட்டிருந்தான்.

"இங்க ஒரு சிம் வாங்கிக் குடுங்கப்பா" என்று கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா சிம்மு? பாட்டு கேக்குது இல்ல, அது போதும்" என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இருபத்திரண்டு வயது, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறேன், ஒரு போன் பேச எனக்குத் தகுதியில்லையா? அம்மா ஒரு சின்ன டப்பாவைத் தேடி எடுத்தாள், அரிசி போட்டாள், போனை உள்ளே வைத்து மூடினாள். "உப்புக் காத்து தின்னுடும்டி. பஸ்ஸுல ஏறினப்புறம் எடுத்துக்கோ" என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு அந்தப் போன் டப்பாவும் என் பையில் இருக்கும்.

எனக்கு வேலை குயிலாப்பாளையத்தில், ஒரு ஊதுபத்தி கம்பெனியில் பாக்கிங். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து எக்கியார்குப்பம் ஸ்டாப்பில் பஸ் ஏறிப் பெரிய முதலியார்சாவடியில் இறங்கி, அங்கிருந்து நடை. பஸ்ஸில் சும்மா உட்கார எனக்கு வராது. காலை ஆட்டுவேன், நகத்தைக் கடிப்பேன், முன்சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே வருவேன். "ஏம்மா, செத்த நேரம் சும்மா இரேன்" என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் சொல்லாத நாள் குறைவு. போன் கைக்கு வந்ததும் அதைக் குடைய ஆரம்பித்தேன். அப்படித்தான் புளூடூத்தில் 'தேடு' என்று ஒன்று இருப்பது கண்ணில் பட்டது.

அதை அழுத்தினால் அரை நிமிஷம் யோசிக்கும். பிறகு சுற்றுவட்டாரத்தில் புளூடூத்தைத் திறந்து வைத்திருக்கும் போன்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். பத்து மீட்டர்தான் அதன் எல்லை என்று அண்ணன் சொல்லியிருந்தான். பத்து மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு பஸ். அவரவர் தன் போனுக்கு வைத்த பெயர் அதில் தெரியும்: 'பாண்டி டான்', 'தொடாதே', 'அம்மா செல்லம்'. யாருடைய போன் எது என்று திரும்பிப் பார்த்துக் கண்டுபிடிப்பது எனக்கு விளையாட்டாகிவிட்டது. பாண்டி டான் மீன் கூடைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

என் போனுக்கும் ஒரு பெயர் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணன் வைத்த பெயர் அப்படியே கிடந்தது: 'குப்பத்துப் புலி'. ஒரு நாள் தேடியபோது புதிதாக ஒரு பெயர் வந்தது. 'புலிக்கு வணக்கம்'.

தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில், சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர் செருகிய ஒருவர், போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னையும் என் கையிலிருந்த போனையும் பார்த்தார். புலி ஒரு பெண் என்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் உடனே பெயரை மாற்றினேன்: 'யாருய்யா நீ'. அவர் தேடினார், பார்த்தார், தன் பெயரை மாற்றினார். நான் தேடினேன். 'மன்னிச்சிடுங்க புலி' என்றிருந்தது.

இப்படி ஆரம்பித்ததுதான். அவர் பாண்டியில் ஒரு மொபைல் கடையில் ரிப்பேர் பார்க்கிறார், மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஏறுகிறார், எங்கள் ஆட்கள்தான், எங்களுக்கு உறவு முறையும் வரும் என்பதெல்லாம் ஒவ்வொரு பெயராகத் தெரிந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்போம். பெயரில் இருபது எழுத்துக்கு மேல் நுழையாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தேடல், ஒரு தேடலுக்கு அரை நிமிஷம். ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் இடையில் இரண்டு பேச்சு பேசினால் அதிகம். அந்த அரை நிமிஷம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. போனை உலுக்கினால் சீக்கிரம் வரும் என்பது போல உலுக்குவேன்.

வாயைத் திறந்து பேசியிருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் பஸ்ஸில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். நடுவில் நிற்பவர்கள் பூராவும் அத்தை, சித்தி, மாமா. பின்பக்கம் ஒரு வார்த்தை சொன்னால் நான் வீடு போய்ச் சேரும் முன் அது போய்ச் சேர்ந்துவிடும். புளூடூத்திலேயே மெசேஜாக அனுப்பலாம். ஆனால் அனுப்பினது போனில் தங்கும். வீட்டில் யார் வேண்டுமானாலும் என் போனை எடுத்துப் பாட்டுக் கேட்பார்கள். பெயர் அப்படியில்லை. மாற்றிவிட்டால் முன்பு இருந்தது இருந்த இடம் தெரியாது. வீட்டுக்குள் நுழையும் முன் மறுபடி குப்பத்துப் புலி ஆகிவிடுவேன்.

ஒரே ஒரு தடவை ஒரு பாட்டு அனுப்பினார். அதற்கு முதலில் இரண்டு போனையும் ஜோடி சேர்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே நம்பரை அடிக்க வேண்டும். அந்த ரகசிய நம்பரை எனக்கு எப்படிச் சொல்வது? மனுஷன் அதைத் தன் பெயராகவே போட்டுவிட்டார். பஸ்ஸில் புளூடூத் வைத்திருந்த அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். அன்றிலிருந்து எங்கள் போன்கள் ஜோடி. அவர் என்ன பெயர் வைத்தாலும் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி காட்டும். அந்தக் குறியைப் பார்க்கத்தான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் மழை இறங்கியது. மழை இறங்கி உப்பளம் முங்கிவிட்டால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் கை ஓய்ந்துவிடும். பொண்ணு பார்க்கிற வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். அம்மா கூலிக்குப் போகும் உப்பளத்து முதலாளிக்குச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை. அவர்களுக்கும் சொந்தமாக உப்புப் பாத்திகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாதம் பூராவும் உப்பு வெடிப்போடு இருக்கிறவள் அவள்.

"நான் உப்பு வாரிப் போடறேன். நீயாவது வார வைக்கிற வீட்டுக்குப் போ" என்றாள்.

எனக்கு வாரவும் வேண்டாம், வார வைக்கவும் வேண்டாம். உப்பை விட்டு எங்காவது போனால் போதும். அதைவிட, கடைசி சீட்டில் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து கேட்டால் அப்பா யோசிப்பார். கேட்காத ஆளைப் பற்றி நான் எப்படிப் பேச்செடுப்பது?

புதன்கிழமை பஸ்ஸில் பெயர் மாற்றினேன்: 'ஞாயிறு பொண்ணு பாக்க'. அவர் பார்த்தார். வெகுநேரம் பெயர் மாறவில்லை. நான் நான்கைந்து தடவை தேடிவிட்டேன். இறங்குகிற நேரத்தில்தான் வந்தது: 'ஒரு நாள் டைம் குடு'.

வியாழக்கிழமை அவரே முந்திக்கொண்டார். 'வீட்ல பேசிட்டேன்' என்று ஒன்று. அடுத்தது 'நாங்க வரலாமா'. எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அவசரத்தில் எழுத்துத் தப்பாக விழுந்தது, அழித்து அடிப்பதற்குள் இன்னொரு பெயர்: 'நாளைக்கு சொல்லு'. அதற்கும் பிறகு: 'பேர் இல்லனா புரியும்'. புளூடூத்தை அணைத்து வைத்தால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன், நீ சங்கடப்பட்டு இல்லை என்று எழுத வேண்டாம் என்கிறார். என்ன மனுஷன் இவர் என்று நினைத்தேன். அதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது, கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டிலேயே பெயரைப் போட்டுவிட்டேன். 'வாங்க'. அவ்வளவுதான். புளூடூத் ஆன் என்பதை இரண்டு தடவை சரிபார்த்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா போனை வாங்கி, அரிசி டப்பாவில் வைத்து அழுத்தி மூடி, என் பையில் போட்டாள்.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஷட்டர் எல்லாம் இறக்கிவிட்டு, உள்ளே ஈரத் துணி நாற்றமும் மீன் நாற்றமும். டிரைவர் பக்கத்துக் கம்பியில் ஒட்டிக்கொண்டேன். முன்சீட்டில் என் சித்தி, அம்மாவின் தங்கச்சி, பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், உட்கார்ந்திருந்தாள். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பஸ் வழக்கம். கேட்கக்கூட இல்லை, இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பையைத் திருப்பிக் கேட்டு, டப்பாவைத் திறந்து, போனை எடுத்தால் ஆயிரம் கேள்வி கேட்பாள். எதற்கு வம்பு? எடுக்க வேண்டிய அவசியம்தான் என்ன? பெயரைப் போட்டாயிற்று. கூட்டத்தையும் சீட்டையும் தாண்டிப் போகிற சமாச்சாரம், கம்பெனிச் சுவரையே தாண்டிப் போகிறது. காற்றில் போவதற்கு ஒரு டப்பா எம்மாத்திரம்? அந்த ஒரு பயணத்தில்தான் காலை ஆட்டாமல் நின்றேன் என்று நினைக்கிறேன். என் பதில் அவரிடம் போய்க்கொண்டிருந்தது.

பெரிய முதலியார்சாவடியில் இறங்கி, நனைந்துகொண்டே பின்பக்கத்து ஜன்னலுக்கு ஓடினேன். அவர் பக்கத்து ஷட்டர் பாதி திறந்திருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது.

வா என்று சொன்ன பிறகு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற ஆளா? வீட்டில் பேசிவிட்டேன் என்றதெல்லாம் பொய்யா? கம்பெனிக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். புளூடூத் ஆனில்தான் இருந்தது. பெயர் 'வாங்க' என்றுதான் இருந்தது. அப்படியென்றால் பார்த்துவிட்டுத்தான் பயந்துபோயிருக்கிறார். அன்று முழுக்க மல்லிகை ஊதுபத்தியைச் சந்தன டப்பாவில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீடு திரும்பும்போது பெயரை மாற்றக்கூடத் தோன்றவில்லை. சனிக்கிழமை அவர் பஸ்ஸிலேயே இல்லை. கடைசி சீட்டில் யாரோ ஒரு தாத்தா குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. சரி, உப்பளத்து வீட்டுக்கே போய்த் தொலைகிறேன் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு பிள்ளையார் ரிங்டோன் அனுப்புகிறேன் என்றாள். எனக்குப் பிள்ளையார் மேலும் கோபம்தான். "அனுப்புங்க" என்றேன்.

"உன் போனு வர்லியே. புளூடூத்து ஆப் பண்ணி வச்சிருக்கியா?"

"ஆன்லதான் இருக்குதுக்கா. பையில இருக்குது."

"வர்லம்மா. நல்லா பாரு."

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்தேன்.

"ஆங், வந்துட்டுது. இதென்ன, போனுக்கு 'வாங்க'ன்னு பேரு வச்சிருக்க? மளிகைக் கடையா?" என்றாள் அக்கா.

மூடியை அழுத்தி மூடினேன். "இப்ப தேடுங்கக்கா." காணோம். திறந்தேன். வந்தது. மறுபடி மூடினேன். போய்விட்டது. "என்னடி விளையாட்டு இது, நான் சாப்பிடணும்" என்று அக்கா சலித்துக்கொண்டாள். உப்புக் காற்றை உள்ளே விடாத டப்பா என் பதிலை வெளியே விடவில்லை. பஸ் பூராவும் இரும்புதான், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அதற்கு உள்ளே இருந்தோம். டப்பாவுக்குள்ளே இருந்தது என் போன் மட்டும். அவர் எக்கியார்குப்பத்திலிருந்து பெரிய முதலியார்சாவடி வரைக்கும் தேடித் தேடிப் பார்த்திருப்பார். பேர் இல்லனா புரியும் என்று சொன்னவர், புரிந்துகொண்டுவிட்டார். அதனால்தான் இன்றைக்கு வேறு பஸ்ஸில் போய்விட்டார்.

வயிற்று வலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் பாண்டி பஸ்ஸைப் பிடித்தேன். கடை பெயர் தெரியாது. மொபைல் கடைகள் வரிசையாக இருக்கிற வீதி என்பது மட்டும் தெரியும். போய் நின்றால் இரண்டு பக்கமும் கடை, மாடியில் கடை, சந்துக்குள் கடை. யாரிடம் என்னவென்று கேட்பது? போனைக் கையில் பிடித்துக்கொண்டு 'தேடு' என்று அழுத்தினேன். சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. தேடத் தேட அதுவும் கரையும்.

பத்து மீட்டர் நட, நில், தேடு, அரை நிமிஷம் காத்திரு. 'ராஜா', 'கடன் கேக்காதே', 'சண்டே ஸ்டார்'. குறி இல்லை. நட, நில், தேடு. ஒரு கடைக்காரர் "என்னம்மா வேணும், உள்ள வா" என்றார். இன்னொருவர் சிரித்தார். மழை தூறியது, முந்தானையால் போனை மூடிக்கொண்டேன். மனசுக்குள் அவரையும் திட்டினேன், அம்மாவின் அரிசியையும் திட்டினேன். போன் சார்ஜ் இல்லை என்று கத்த ஆரம்பித்துவிட்டது. வீதி முடியப் போகிற இடத்தில் நான்கு பெயர்கள் வந்தன. மூன்றாவதில் அந்தக் குறி. பெயர்: 'நல்லா இரு'.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் பெல் அடித்தார். இவ்வளவு நாள் எனக்கு எழுதிய அந்த இடத்தில், நான் பார்க்கவே மாட்டேன் என்று தெரிந்தும், இதை எழுதி வைத்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கடைகளை எட்டிப் பார்த்தேன். இரண்டாவது கடையில், கண்ணாடி மேஜைக்குப் பின்னால், தலையைக் குனிந்து ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

போனை டப்பாவில் வைத்து மூடி, மேஜை மேல் வைத்தேன்.

"என்னங்க ப்ராப்ளம்?" என்றார், நிமிராமலே. அதுதான் நான் கேட்ட முதல் குரல். நான் நினைத்ததைவிட மெலிசாக இருந்தது.

"தேடிப் பாருங்க" என்றேன்.

நிமிர்ந்தார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் மேஜையில் உருண்டது. தன் போனை எடுத்துத் தேடினார். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். நான் மூடியைத் திறந்தேன். "இப்ப தேடுங்க."

அந்த அரை நிமிஷம் இரண்டு பேரும் அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் முகம் மாறியது. டப்பாவைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், மறுபடி தன் போனைப் பார்த்தார்.

"நேத்து காலையிலேர்ந்து அந்தப் பேருதான் இருக்குது" என்றேன். "எங்கம்மா டப்பாவுல போட்டு மூடிட்டாங்க. நீங்க என்னடான்னா 'நல்லா இரு'ங்கறீங்க."

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் என் போன் ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. "சார்ஜ் போட்டுத் தரட்டுங்களா?" என்று வயரைத் தேடினார்.

"சார்ஜ் கெடக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க வர்றாங்க. நீங்க வருவீங்களா மாட்டீங்களா? வாயைத் தொறந்து சொல்லுங்க."

"வர்றேங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை. உப்பளத்துக்காரர்கள் காரில் வந்துவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்து, காபி கொடுத்து, அம்மா எனக்குப் புடவை கட்டி உள்ளே உட்கார வைத்திருந்தாள். இவரைக் காணோம். பதினொரு மணி ஆகியிருக்கும். வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, அப்பா அம்மாவோடு நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் தண்ணீர் ஏறிப் பஸ் பாதியில் நின்றுவிட்டதாம், நடந்தே வந்திருக்கிறார்கள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். "யாருங்க நீங்க? யாரு வரச் சொன்னது?"

அவர் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று அப்படியே நின்றார். உள்ளே அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். வெடித்துச் சொரசொரவென்றிருக்கும் அந்தக் கை. அதை விடுவித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"நான்தாம்பா வரச் சொன்னேன்" என்றேன்.